கம்பிகள் மாறவில்லை

அன்று நான் சொல்லாமல் விட்டது மூன்றே சொற்கள்: "கம்பிகள் மாறவில்லை, சார்."

பெரிய டாக்டர் இ.சி.ஜி. காகிதத்தை விரல்களுக்கிடையே தொங்கவிட்டபடி, "நிச்சயமாத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியும். கம்பிகளைக் கட்டியவள் நான். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சட்டையின் ஊக்குகளைப் போட்டுக்கொண்டிருந்த ஜுலைகா அக்காவும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் காலை லேப் கதவின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது அவர்களுடைய தம்பி சுல்தான் வந்து நின்றார். புதுமடத்திலிருந்து உச்சிப்புளி வரை சைக்கிளிலும், அங்கிருந்து முதல் பஸ்ஸிலும் வந்திருந்தார்.

"லாத்தா மௌத்தாயிட்டாக," என்றார். "லுகர் தொழுகைக்கு முந்தியே அடக்கம். டூட்டி சீட்டுல பேரு இருக்கும், யாராச்சும் ஆள் போட்டுக்கச் சொல்லுன்னு உம்மா சொல்லி விட்டாக."

அவர்கள் எங்கள் மருத்துவமனையில் பதினாறு வருடம் நர்சாக இருந்தார்கள். அவ்வளவு காலத்தில் ஒரு டூட்டியும் ஆளில்லாமல் கிடந்ததில்லை. இறந்த பிறகும் கிடக்கக் கூடாது என்று அவர்களைப் பெற்றவள் நினைத்திருக்கிறாள். நான் டூட்டி சீட்டை எடுத்து அவர்கள் பெயருக்கு நேரே கோடு போட்டேன்.

இரங்கல் கூட்டத்தில் பலர் பலவிதமாகப் பேசினார்கள். பொறுமையின் உருவம் என்றார்கள். ஜுலைகா அக்காவை அறிந்த எவரும் அதைக் கேட்டுச் சிரிக்காமல் இருந்தது அவர்களுக்குச் செய்த மரியாதைதான். பொறுமை அவர்களிடம் அறவே கிடையாது. ஊசியைக் கொதிக்கவைக்காமல் எடுத்த வார்டு ஆயாவை மாடிப்படி வரை துரத்தியவர்கள். மருந்துக் கடைக்காரர் எண்ணிக்கையில் மாத்திரை குறைத்தால் கடை வாசலில் நின்று எல்லோரும் கேட்க எண்ணிக் காட்டியவர்கள். அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்தவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

அவர்களுடைய வாப்பா கொழும்புக்குத் தோணி விட்டவர். பதினேழு வயதில் கல்யாணம். கணவர் கொழும்பில் கடை வைக்கப் போனார், காய்ச்சலில் அங்கேயே அடக்கமாகிவிட்டார். கணவன் இறந்தபின் ஒதுங்கியிருக்கும் இத்தாக் காலம் முடிந்து அடுத்த வருடம் மதுரைக்கு நர்ஸ் படிப்புக்குக் கிளம்பினார்கள். ஊரில் எதிர்ப்பு இருந்ததா என்று நான் ஒருமுறை கேட்டேன். "ஊர் பேசுச்சு. நான் பஸ் ஏறிட்டேன்," என்றார்கள். அதற்கு மேல் அந்தக் கதையில் ஒன்றும் இல்லை என்பதுபோல் பஞ்சு உருட்டத் தொடங்கிவிட்டார்கள்.

நான் சிக்கல் ஊர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். லேப் வேலைக்கு வந்து ஐந்து வருடமாகிறது. எனக்குப் பேச்சு குறைவு, படிப்பு அதிகம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் படித்த நாவலின் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பது அக்காவின் வழக்கம். கதாநாயகி பிரிவுத் துயரில் நெஞ்சு வெடித்து இறந்தாள் என்று நான் முடித்தால் டிபன் டப்பாவை ஓங்கி மூடுவார்கள்.

"நெஞ்சு வெடிச்சிருச்சா? எவனாச்சும் எடுத்துப் பார்த்தானா?"

"கதை அக்கா அது."

"கதையிலயும் பொம்பளைக்கு நெஞ்சு வலிச்சா துக்கம்னுதான் எழுதுவானா? ஆம்பளைக்கு வலிச்சா மட்டும் வியாதியாக்கும்?"

எனக்கு அன்று சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இ.சி.ஜி. இயந்திரம் எங்கள் மருத்துவமனைக்கு வந்த புதிதில் மாலை போட்டு வைத்தார்கள். நெஞ்சின் ஓட்டத்தை மெழுகுக் காகிதத்தில் சூடான ஊசி கோடாக எழுதும். கைகளிலும் கால்களிலும், இயந்திரத்துக் கம்பிகளின் முனையிலுள்ள நான்கு உலோகத் தகடுகளை ரப்பர் பட்டையால் கட்ட வேண்டும். ரப்பர் குமிழ் ஒன்றை நெஞ்சில் ஆறு இடத்தில் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். மதுரையில் பயிற்சி பெற்ற ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். மூன்று மாதம் கழித்து ஜுலைகா அக்கா அந்த அறையின் பதிவேட்டைப் புரட்டினார்கள். ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆபரேட்டர் ஆண். ரவிக்கையைக் கழற்ற வேண்டும். பெண்கள் மறுத்தார்கள். மறுப்பார்கள் என்று தெரிந்ததால் டாக்டர்களும் எழுதுவதை விட்டார்கள். எழுதாமல் இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டுமல்லவா, அதனால் பெண்களுக்கு நெஞ்சு வலித்தால் வாயு என்று ஆனது.

அந்த வாரம் மண்டபம் பக்கத்திலிருந்து கருவாடு விற்கும் ஒரு பெண் வந்தாள். தாடையும் முதுகும் வலிப்பதாகச் சொன்னாள். வேர்த்துக் கொட்டியது. வாயு மிக்சர் கொடுத்து வராந்தாவில் உட்காரவைத்தார்கள். மிக்சர் பாட்டில் கையிலிருக்க அங்கேயே சரிந்தாள். கூடைக் கருவாடு இரண்டு நாள் வராந்தாவில் மணத்தது.

"மெசினு பத்தடியில சும்மா கிடந்துச்சு," என்று அக்கா சொன்னார்கள். அதைச் சோகமாகச் சொல்லவில்லை. திருட்டுக் கொடுத்தவர்கள் சொல்வதுபோல் சொன்னார்கள்.

மறுநாளே இ.சி.ஜி. அறைக்குப் போய் நின்றார்கள். ஆபரேட்டர் சிரித்தார்.

"சிஸ்டர், இது ஊசி போடுற மாதிரி இல்லை. நுணுக்கமான வேலை."

"நாலு பட்டை, ஒரு குமிழ். கொடி சுத்துன பிள்ளையவே எடுத்திருக்கேன் தம்பி. நகருங்க."

ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டார்கள். அடுத்த வருடம் ஆபரேட்டர் மதுரைக்கே போய்விட்டார். அதன்பின் அந்த அறை அக்காவின் அறை. இரத்தம் எடுக்கப் போகும் நான் உதவிக்கு நிற்பேன். தோலில் தடவும் பசை தீர்ந்துபோகும், மதுரையிலிருந்து வர வாரக்கணக்காகும். துணியை உப்புத் தண்ணீரில் நனைத்துத் தகட்டின் அடியில் வைப்பார்கள். "உப்புக்கா நம்ம பக்கம் பஞ்சம்?"

கரையோர ஊர்ப் பெண்கள் வெள்ளைத் துப்பட்டியை எடுக்கமாட்டோம் என்றால், எடுக்க வேண்டாம் என்பார்கள். துப்பட்டி மூடியபடியே படுக்கவைத்து, அதற்குள் கைகளை நுழைத்து, விலா எலும்புகளை விரலால் எண்ணிக் குமிழை ஒட்டுவார்கள். கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். உதடு மட்டும் எண்ணும். கீழக்கரையிலிருந்து வந்த ஒரு அம்மா துப்பட்டிக்குள்ளிருந்து கேட்டது நினைவிருக்கிறது.

"ஏம்மா, கரண்டு அடிச்சுராதே?"

"அடிக்காது."

"படத்தை ஆம்பளை டாக்டர் பார்ப்பாராமே?"

"காயிதத்தைத்தான் பார்ப்பாரு. அதுல கோடுதான் இருக்கும். உங்களை மாதிரி அழகா எல்லாம் இருக்காது."

துப்பட்டி குலுங்கியது. "சிரிக்காதீக, கோடு ஆடுது!" என்று அக்கா அதட்டினார்கள். அவர்களே சிரித்துவிட்டதால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

தவறும் செய்தார்கள். மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அவர்களே மறைக்கவில்லை. அந்நியர் முன் படுக்கும்போது எங்கள் பக்கத்துப் பெண்கள் துப்பட்டிக்குள் இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் குறுக்காகக் கட்டிக்கொள்வார்கள். ஒருமுறை அக்கா இடப்பக்கம் கிடந்த கையைத் தடவிப் பிடித்து இடது கைப் பட்டையைக் கட்டினார்கள். அது வலது கை. கோடு தலைகீழாக வந்தது. "இந்தம்மாவுக்கு இருதயம் வலப் பக்கம் இருக்கு போல," என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் குடும்பம் அழுதுகொண்டு தர்கா தர்காவாக அலைந்தது. மூன்றாம் நாள் அக்காவுக்குப் புலப்பட்டது. அந்த ஊருக்கே ஆளனுப்பி வரவழைத்து, மறுபடி எடுத்து, பதிவேட்டில் "முந்தைய எடுப்பில் கைக் கம்பிகள் மாறிவிட்டன. தவறு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வேறு எவரும் எதற்கும் அந்தப் பதிவேட்டில் அப்படி எழுதியதில்லை.

அதன்பின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். "சோத்துக் கையைத் தூக்குங்க," என்பார்கள். இடமா வலமா என்று கேட்டால் பயத்தில் இருப்பவர்கள் தடுமாறுவார்கள். சோற்றுக் கையில் எவரும் தடுமாறுவதில்லை. துப்பட்டிக்கு வெளியே அந்தக் கை எழும்பும். அதில் வலது பட்டையைக் கட்டுவார்கள். அந்த நாளுக்குப் பிறகு ஒருமுறைகூடக் கம்பி மாறவில்லை. பதிவேடு இருக்கிறது, யாரும் பார்க்கலாம். ஆனால் டாக்டர்கள் அறையில் அந்த ஒரு தவறுதான் நிலைத்தது. பெண்களின் காகிதம் எதில் சிக்கலான கோடு வந்தாலும் "துப்பட்டி இ.சி.ஜி." என்று சொல்லி ஒதுக்கினார்கள். அதைச் சொல்லும்போது ஒரு சிரிப்பும் இருக்கும்.

இன்னொன்றிலும் அக்காவுக்கும் டாக்டர்களுக்கும் ஓயாத சண்டை. முதல் எடுப்பு சரியாக இருந்தால் ஆளை அனுப்பிவிடுவார்கள். அக்கா விடமாட்டார்கள். மாரடைப்பு தொடங்கிய சில மணி நேரம் வரை கோடு ஒழுங்காகவே இருக்கக்கூடும். "வலி நிக்கலைன்னா மறுபடி எடுக்கணும். பானையில சோறு வெந்துச்சான்னு ஒரே தடவையா பார்க்குறோம்?" என்பார்கள். இடையில் என்னிடம் இரத்தம் அனுப்புவார்கள். வெள்ளணுக்கள் கூடியிருக்கின்றனவா என்று நான் எண்ணிச் சொல்ல வேண்டும். இருதயத் தசை செத்தால் இரத்தத்தில் கசியும் பொருளை அளக்கும் புதிய சோதனை மதுரையில்தான் உண்டு. அதற்கு இரத்தத்தின் தெளிவை மட்டும் பிரித்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் ரயிலில் அனுப்புவோம். சீட்டு வர மூன்று நாளாகும்.

அன்று காலை அவர்கள் வேலைக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"விடியக்காலையில இருந்து தாடை வலிக்குது. முதுகுல கல்லை வச்ச மாதிரி இருக்கு," என்றார்கள். பிறகு, யாருக்கோ சொல்வதுபோல, "கருவாட்டுக்காரிக்கு இப்படித்தான் இருந்துச்சு," என்றார்கள்.

ஒன்பது மணிக்கு நானே கம்பி கட்டினேன். கோடு சரியாக இருந்தது. பெரிய டாக்டர் பார்த்து, "வாயு. அதோட கொஞ்சம் பயம். இந்த ரூம்லயே கிடந்தா யாருக்கும் பயம் வரும்," என்றார். அக்கா வாதாடாமல் திரும்பினார்கள். அவர் கொடுத்த வாயு மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பன்னிரண்டரைக்கு என்னை அழைத்து இரத்தம் எடுக்கச் சொன்னார்கள். வெள்ளணுக்கள் வழக்கத்தைவிட நன்றாகக் கூடியிருந்தன. சந்தேகம் வேண்டாமென்று இரண்டாம் முறை எண்ணினேன். அதே கணக்குதான். மிச்ச இரத்தத்தைத் தெளியவைத்து மதுரைக்கு அனுப்ப ஐஸில் வைத்தேன்.

"இப்ப எடு," என்றார்கள். படுத்ததும் நான் கேட்காமலே சோற்றுக் கையைத் தூக்கினார்கள். "பார்த்துக்கிட்டியா? நல்லாப் பார்த்துக்க."

பார்த்தேன். வலது கையில் வலது பட்டை. காகிதத்தில் லீடு என்று பகுதி பகுதியாக விழும் கோடுகளில், இரண்டாவதும் மூன்றாவதும் மாரடைப்பில் வருவதுபோல் தோள் தூக்கி நின்றன. கைக் கம்பிகள் மாறியிருந்தால் முதல் லீடு தலைகீழாகியிருக்க வேண்டும். முதல் லீடு நிமிர்ந்தே இருந்தது. உட்கார்ந்து பார்க்கிற யாருக்கும் இது அரை நிமிட வேலை.

பெரிய டாக்டர் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார். நின்றபடியே பார்த்தார்.

"காலையில சரியா இருந்தது. இப்ப இப்படியா? பழையபடி கம்பியை மாத்திட்டீங்க, சிஸ்டர்."

"மாறலை சார். சோத்துக் கையைத் தூக்கித்தான் கட்டுனது."

"நீங்க கட்டலையே. கட்டுனது இந்தப் பொண்ணு." என் பக்கம் திரும்பினார். "நிச்சயமாத் தெரியுமா?"

என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. அதற்கான தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அது ஒரு காரணம். இவ்வளவு படித்த ஒருவர் இவ்வளவு உறுதியாகச் சொல்லும்போது என் கண் பார்த்ததை நானே நம்பாமல் போனேன், அது இன்னொரு காரணம். இரண்டையும் எழுதிவிட்டேன். இரண்டும் போதாது என்று எனக்குத் தெரியும்.

"ரெண்டு நாள் லீவு எடுத்துட்டு வீட்டுல இருங்க," என்று சொல்லிவிட்டு அவர் போனார். மூன்றாவது முறை எடுப்போம் என்று நான் ஓடியபோது மின்சாரம் போய்விட்டது. டாக்டர் எழுதாமல் வார்டில் கட்டில் கிடையாது. அக்கா மூன்று மணி வரை மின்சாரத்துக்காகக் காத்திருந்துவிட்டு எழுந்தார்கள்.

"நாளைக்குக் காலையில வாரேன். முத வேலையா எனக்குத்தான் எடுக்குற. நீதான் கட்டுற." பையைத் தோளில் போட்டுக்கொண்டு என் கன்னத்தில் ஒரு விரலால் தட்டினார்கள். "புஸ்தகம் இவ்வளவு படிக்கிறியே, அதுல ஒருத்தியாச்சும் வாயைத் திறக்க மாட்டாளா?"

கோபமாக அல்ல, கிண்டலாகத்தான் சொன்னார்கள்.

உச்சிப்புளியில் இறங்கி, வண்டி கிடைக்காமல், புதுமடம் போகும் மணல் பாதையில் நடந்திருக்கிறார்கள். பாதி வழியில் பனந்தோப்பு ஓரமாக உட்கார்ந்து, விறகு சுமந்து போன பெண்களிடம் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் வரும்போது பொழுது இன்னும் சாயவில்லை. அவர்கள் இல்லை.

அன்று படுக்கையில் கிடந்திருந்தால் பிழைத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. பிழைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் அந்த மணலில் நடந்திருக்கமாட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி வைத்திருந்தார்கள். அவர்களுடைய உம்மா அழாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார்.

"வாயுன்னு சொல்லுறாக. பதினாறு வருசம் அந்த ஆஸ்பத்திரியில நின்ன பிள்ளை, வாயுக்கும் நெஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாமயா நடந்து வந்தா? நீ கூட இருந்தவ. சொல்லு."

சொன்னேன். கோடு எப்படி இருந்தது, யார் என்ன கேட்டார், நான் எப்படி நின்றேன், எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா வெகுநேரம் என் கையை விடவில்லை. பிறகு, "இதை எனக்குச் சொன்னா எப்படி? அங்கன போய்ச் சொல்லு," என்றார்.

மூன்றாம் நாள் மதுரையிலிருந்து சீட்டு வந்தது. இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு. மாரடைப்புதான் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. அதே நாள் மாலை நடந்த இரங்கல் கூட்டத்தில், சிஸ்டர் ஜுலைகா கடமையே கண்ணாகத் தன் உடம்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று பெரிய டாக்டர் பேசினார். நான் எழுந்தேன்.

"கவனிச்சாங்க சார். ரெண்டு தடவை படம் எடுத்தாங்க. ரத்தம் கொடுத்தாங்க. கவனிக்காதது நாம," என்றேன். குரல் உடைந்தது. ஆனால் கேட்டது. கடைசி வரிசை வரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

நிர்வாகக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். இரண்டு காகிதங்களையும், வெள்ளணுக் கணக்கையும், மதுரைச் சீட்டையும் நகலெடுத்து இணைத்திருக்கிறேன். கேட்டிருப்பது மூன்று. நெஞ்சு வலி என்று வரும் எந்தப் பெண்ணையும் எடுத்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. வலி நிற்காவிட்டால் மறுபடி எடுக்காமல் அனுப்பக் கூடாது. அக்காவின் மரணக் குறிப்பில் எழுதியிருக்கும் காரணத்தை மாரடைப்பு என்று திருத்த வேண்டும். இதனால் எனக்கு என்ன வரும் என்று வீட்டில் என்னைப் பெற்ற அய்யா கவலைப்படுகிறார். வருவது வரட்டும்.

அக்கா, உங்களைப் பொறுமைசாலி என்று சொன்னவர்களை மன்னித்துவிடுங்கள். புதுமடத்தில் உங்கள் கபர் மேல் மணல் இன்னும் ஈரமாக இருக்கிறது என்று சுல்தான் சொன்னார். கடல் காற்று அதைச் சீக்கிரம் உலர்த்திவிடும். நீங்கள் சண்டையிட்டு வாங்கிய அறை அப்படியே இருக்கிறது. நிம்மதியாக உறங்குங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை, திட்டுவீர்கள். போய் வாருங்கள்.

இதை எழுதி முடிக்கும் முன் குழுவின் பதில் வந்துவிட்டது. காரணத்தைத் திருத்த முடியாது. லேப் ஊழியர் இனி இ.சி.ஜி. அறைக்குள் நுழையக் கூடாது. இந்த இரண்டு வரிதான். அது வந்தது நேற்றுக் காலை. மதியம் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். தாடை வலி, வேர்வை. நான் அறையைத் திறந்து உள்ளே போனேன். இரண்டு முறை எடுத்தேன். இரண்டாவது காகிதத்தைக் காட்டிக் கட்டில் எழுதவைத்தேன். அவர் இப்போது பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறார்.